காலியா இருக்கீங்களா ஸார்?

எங்கள் வீட்டில் ஒரு காலண்டர் உண்டு. கல்லாவியில், கூடத்துச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிற தினசரி காலண்டர். மளிகைக் கடையில் ஓசியில் கொடுத்தது. ராகு காலம், எமகண்டம், சூலம் எல்லாம் அச்சிலேயே வந்துவிடும். அச்சில் வராததை அம்மா பால்பாயின்ட் பேனாவால் சேர்த்துவிடுவாள். காஸ் சிலிண்டர் மாற்றிய தேதி, சீட்டுப் பணம் கட்டுகிற தேதி, மாடு கன்று போட வேண்டிய தேதி. அடுத்த மாதத்து சமாசாரம் என்றால் தாள்களைக் கொத்தாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுதுவாள். வீட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பாஸ்வேர்டு கிடையாது.

ஓசூரில் நான் வேலை பார்க்கிற கம்பெனியிலும் ஒரு காலண்டர் உண்டு. இதற்கு ஆணி கிடையாது, கம்ப்யூட்டரில் இருக்கிறது. இதையும் எல்லோரும் பார்க்கலாம். மானேஜர் ஒரு மீட்டிங் போட நினைத்தால் யாரையும் கூப்பிட்டு, 'காலியா இருக்கீங்களா?' என்று கேட்க வேண்டியதில்லை. பத்துப் பேர் பெயரைப் போட்டால், யார் எத்தனை மணிக்கு பிஸி, எத்தனை மணிக்குக் காலி என்று பட்டை பட்டையாகக் காட்டிவிடும். பத்துப் பட்டையிலும் ஒரே இடத்தில் வெள்ளை தெரிகிறதா? அங்கே மீட்டிங்! நமக்கு அழைப்பு வரும். மூன்று பட்டன் இருக்கும்: வருகிறேன், பார்க்கலாம், முடியாது. இதில் மூன்றாவது பட்டனை எங்கள் செக்‌ஷனில் ஒருத்தரும் அமுக்கிப் பார்த்ததில்லை. அது வேலை செய்கிறதா என்பதே சந்தேகம்.

இது நேற்று முளைத்த விஷயம் இல்லை. 1980-களிலேயே ஐ.பி.எம்.மின் பெரிய கம்ப்யூட்டர்களில் 'ப்ராஃப்ஸ்' என்ற ஆபீஸ் ஸாஃப்ட்வேரில் காலண்டர் இருந்தது. 1997-ல் மைக்ரோஸாஃப்ட்டின் அவுட்லுக் வந்தது. ஒரு ஸாஃப்ட்வேர் அனுப்பும் அழைப்பு இன்னொன்றுக்கும் புரிய வேண்டுமே என்று 1998-ல் 'ஐகாலண்டர்' என்று ஒரு பொது விதி எழுதினார்கள். 2006-ல் கூகுள் காலண்டர் வந்தது. ஆக, பல ஊர்க்காரர்களை ஒரே நேரத்தில் உட்கார வைக்கிற வித்தை கைவந்துவிட்டது.

பழைய தலைவலிதான் இதுவும். ஊருக்கு ஊர் ஒரு மணி இருந்த காலத்தில் இந்திய ரயில்கள் மெட்ராஸ் நேரத்தை வைத்துக்கொண்டு ஓடின. 1906-ல்தான் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால் என்று நாட்டுக்கே பொதுவாக ஒரு நேரம் வந்தது. அப்பாடா, தீர்ந்தது என்று பார்த்தால், எங்கள் கஸ்டமர் டெட்ராய்ட்டில் இருக்கிறார்.

டெட்ராய்ட்டில் நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி பின்னால் திருப்பி வைப்பார்கள். அவருக்கு எப்போதும் காலை எட்டரை மீட்டிங். நமக்கு அது கோடையில் மாலை 6, குளிர்காலத்தில் 7. காலண்டர் தானாகவே மாற்றிக்கொண்டுவிடும். ஒரு பிழை வராது. முதல் வருஷம் இது தெரியாமல், 'என்னடா இது, மீட்டிங் தானே நகர்ந்து உட்கார்ந்திருக்கே!' என்று ஐ.டி. டிபார்ட்மென்டில் புகார் கொடுத்தவன் நான்.

ஆனால் பாருங்கள், ஓசூரிலிருந்து கல்லாவிக்குப் போக கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை என்று பஸ் மாற வேண்டும். வெள்ளிக்கிழமை 7 மணி மீட்டிங் முடிந்து கிளம்பினால் ஊத்தங்கரை பஸ் ஸ்டாண்டு பெஞ்சுதான் கதி. டெட்ராய்ட்டின் குளிர்காலம் தெரிந்த அந்தக் காலண்டருக்கு கல்லாவியின் கடைசி பஸ் தெரியாது. எங்கள் ஹெட் ஆபீஸ் பெங்களூரில். ஜூஜூவாடி தாண்டினால் கர்நாடகம். அங்கே நவம்பர் 1 ராஜ்யோத்சவ லீவு. காலண்டரில் பளிச்சென்று இருக்கும். மாட்டுப் பொங்கல் இருக்காது. மாட்டுக்குக் கொம்பில் பெயின்ட் அடித்துக்கொண்டே காதில் இயர்போனோடு மீட்டிங்கில் இருந்திருக்கிறேன். மாடு நடுவில் ஒரு கருத்து சொன்னது. பெங்களூரில், 'ஹூ இஸ் தட்?' என்று கேட்டார்கள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். அடுத்தது அப்படியில்லை.

அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. முதலில் வலது கண், ஒரு மாதம் கழித்து இடது கண் என்று கிருஷ்ணகிரியில் டாக்டர் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை ஆபரேஷன். கூட ஒரு ஆள் வர வேண்டும். 'நான் வர்றேம்மா' என்று போனில் சொன்னேன். அம்மா தாள்களைத் தூக்கிப் பிடித்து எழுதிக்கொண்டாள். நான் எங்கேயும் எழுதவில்லை. மனசில்தான் இருக்கிறதே!

மானேஜர் மனசைப் பார்க்கவில்லை. பட்டையைப் பார்த்தார். வியாழன் 11 மணிக்கு நான் வெள்ளை வெளேரென்று இருந்தேன். அழைப்பு வந்தது. பெங்களூர் ஆட்களும் இருக்கிறார்கள், ஹெட் ஆபீஸ் விஷயம். பட்டன் மூன்றையும் பார்த்தேன். முதல் பட்டனை அமுக்கினேன்.

'மீட்டிங் வந்துடுச்சும்மா...'

'சரி கண்ணு. வேலையைப் பாரு. பக்கத்து வீட்டு மாமாவ அனுப்பிக்கறேன்.'

இரண்டு மணி நேர மீட்டிங். அதில் நான் பேசியது ஒரே ஒரு வாக்கியம்: 'என் ஆடியோ கேக்குதுங்களா?'

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். அப்பா கறுப்புக் கண்ணாடியோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். 'நல்லா தெரியுதுடா' என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. உள்ளே, சொட்டு மருந்து பாட்டிலுக்கு அடியில் ஒரு காலண்டர் தாள். எத்தனை மணிக்கு எந்த மருந்து என்று அம்மா அதன் பின்பக்கம் எழுதி வைத்திருந்தாள். திருப்பினேன். வியாழக்கிழமைத் தாள். 'அவருக்குக் கண் ஆபரேஷன். தம்பி வருவான்.'

அடித்துத் திருத்தியிருக்கவில்லை. அப்படியே இருந்தது.

திங்கள்கிழமை ஆபீஸுக்குப் போனதும் முதல் வேலையாக இடது கண்ணின் தேதியைக் காலண்டரில் போட்டேன். காலை 9 முதல் மாலை 6 வரை, பட்டை முழுக்கக் கறுப்பு. பிறருக்கு விவரம் தெரியாமல் 'பிஸி' என்று மட்டும் காட்டுகிற வசதி உண்டு. எங்கள் பர்ச்சேஸ் ஸார் அப்படித்தான் செவ்வாய்க்கிழமை 3 முதல் நாலரை வரை பிஸி. வாரா வாரம் யாரைச் சந்திக்கிறார் என்று மண்டையை உடைத்துக்கொண்டோம். ராகு காலம் ஸார், ராகு காலம்! நான் மறைக்கவில்லை. 'அப்பா - கண் ஆபரேஷன்' என்றே எழுதினேன்.

மத்தியானம் மானேஜர் என் ஸீட்டுக்கே வந்தார்.

'அப்பாவுக்கு ஆபரேஷனா?'

'ரெண்டாவது கண் ஸார். முதல் கண் போன வியாழக்கிழமை முடிஞ்சுது.'

'போன வியாழனா? என் மீட்டிங்ல இருந்தீங்களே!'

நான் பதில் சொல்லவில்லை.

'ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா. அதுக்கு நீங்க அவசியமே இல்ல. காலின்னு காட்டிச்சு, பேரைச் சேர்த்தேன்.'

இதற்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

அவர்மேல் கோபப்பட வழியில்லை. காலண்டர்மேலும் இல்லை. எழுதாத இடத்தை அது காலி என்று காட்டும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆபீஸ் வேலையெல்லாம் அதில் இருந்தது. வீட்டு வேலை மட்டும் மனசில் இருந்தது. எது ஜெயிக்கும்? உங்கள் காலண்டரையும் ஒரு தடவை திறந்து பாருங்கள் ஸார். அப்பா, அம்மா, குழந்தையின் ஸ்கூல் எதுவும் அதில் இல்லையென்றால், ஊருக்கே நீங்கள் காலி.

இடது கண் ஆபரேஷனுக்கு நான்தான் அப்பாவை அழைத்துப் போனேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். எட்டே முக்காலுக்கு என் ஃபோன் 'டிங்' என்றது. அப்பா சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

'ஆபீஸா? போகணுமாடா?'

'இல்லப்பா. இன்னும் கால் மணியில உங்களுக்கு ஆபரேஷன்னு ஞாபகப்படுத்துது.'

அப்பா ஃபோனை வாங்கி, ஆபரேஷன் ஆன வலது கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, 'உங்க ஆபீஸ் காலண்டர்ல என் பேரு இருக்குதா?' என்றார்.