கவுண்ட் நல்லம் என்றால் வருத்தம் மாறிவிட்டதா?



இது எங்கள் வீட்டில் நடந்த பிழை. சாச்சாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம்.

வெங்காயத் தோட்டத்தில் பகல் முழுக்க நின்றவருக்குக் களைப்பு, இடப்பக்க வயிற்றில் கனம். பார்த்தால் நாட்பட்ட இரத்தப் புற்றுநோய், சீ.எம்.எல். இமாட்டினிப் குளிசை கொடுத்தார்கள். சில மாதங்களில் வெள்ளணுக் கவுண்ட் சரியாகிவிட்டது. கால் பிடிப்பும் குமட்டலும்தான் மிச்சம். "நல்லாத்தானே இருக்கிறீங்க சாச்சா, கொஞ்சநாள் நிப்பாட்டிப் பாருங்களேன்" என்று சொன்னது நாங்கள்தான்.

அடுத்த கிளினிக்கில் கவுண்ட் அப்போதும் நல்லம். ஆனால் பீ.சீ.ஆர். கூடியிருந்தது.

பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற எங்களுக்கே அன்றுதான் விளங்கியது. இந்த நோயில் 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டி, ஒரு புது ஜீன் உருவாகிறது. பெற்றோரிடமிருந்து வருவதல்ல, பிள்ளைகளுக்குப் போவதுமல்ல. "பெருகு, பெருகு" என்று அது என்புமச்சைக்குக் கட்டளை போட்டுக்கொண்டே இருக்கும். குளிசை அந்தக் கட்டளையைத் தடுக்கிறது. அந்த ஜீன் இன்னும் எவ்வளவு பேசுகிறது என்று அளப்பதுதான் பீ.சீ.ஆர்.; கொரோனா காலத்தில் கேட்ட அதே பெயர்தான். 3 மாதத்தில் 10 வீதத்துக்குக் கீழ், ஒரு வருடத்தில் 0.1 வீதத்துக்குக் கீழ் வந்தால் போகும் பாதை நல்லது.

இமாட்டினிப் 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் பெரிய ஆய்வில் 10 வருடத்தின் பின்னும் 100க்கு 83 பேர் உயிரோடு இருந்தார்கள். ஆனால் குளிசையை ஒழுங்காக எடுக்க வேண்டும். லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் 87 பேரைப் பார்த்த ஆய்வு 2010இல் வந்தது. 90 வீதத்துக்கு மேல் குளிசை எடுத்தவர்கள் 6 வருடத்தில் அந்த 0.1 நிலையை அடையும் வாய்ப்பு 94.5 வீதம். அதற்குக் குறைந்தவர்களுக்கு 28.4 வீதம்தான். மாதத்தில் 3 நாள் விட்டாலே 90க்கு இறங்கிவிடும்.

பல வருடம் அளவு மிகவும் தாழ்ந்திருக்கும் சிலருக்கு டொக்டர்மாரே குளிசையை நிறுத்திப் பார்ப்பதுண்டு. அதுவும் அடிக்கடி இரத்தம் சோதித்துத்தான். எங்களைப்போல் விறாந்தையில் இருந்து முடிவெடுப்பதல்ல.

நோன்பு வருகிறதென்றால் குளிசை நேரத்தை முன்கூட்டியே டொக்டரிடம் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது.

சாச்சா மறுபடி குளிசை எடுக்கிறார். அளவு இறங்குகிறது, அல்ஹம்துலில்லாஹ். முன்பு நின்ற இடத்துக்கு இன்னும் வரவில்லை. துஆச் செய்யுங்கள்.

உங்கள் வீட்டிலும் இந்தக் குளிசை எடுப்பவர் இருந்தால், "நல்லாத்தானே இருக்கிறீங்க" என்று சொல்லாதீர்கள். "இன்றைக்குக் குளிசை போட்டீங்களா? அடுத்த பீ.சீ.ஆர். எப்போ?" என்று கேளுங்கள். பஸ் காசுதான் தடை என்றால் கூச்சப்படாமல் எங்களிடம் சொல்லுங்கள். ஊராகச் சேர்ந்து பார்ப்போம்.