ஒரு சாண் இடைவெளி

சிஞ்சில்லா என்றால் என்ன என்று கேட்பவர்களிடம், முயலுக்கும் அணிலுக்கும் நடுவில் ஏதோ ஒன்று என்று சொல்லிவைப்பேன். அம்மா "எலி" என்பதோடு முடித்துக்கொள்வாள். அதன் சொந்த ஊர் சிலி நாட்டின் ஆண்டீஸ் மலை. பாறை இடுக்குகளில் கூட்டங்கூட்டமாக வாழ்ந்த பிராணியை ரோமத்துக்காக வேட்டையாடியே கிட்டத்தட்ட ஒழித்துவிட்டார்கள். 1923-இல் மத்தியாஸ் சாப்மன் என்கிற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் அங்கிருந்து கலிபோர்னியாவுக்குப் பத்துப் பன்னிரண்டைக் கொண்டுபோனார். இன்று வீடுகளில் வளர்பவற்றில் பெரும்பாலானவை அவற்றின் வம்சம்.

கூட்டத்தில் வாழ்ந்த உயிர், தனியாக வைக்கக் கூடாது என்பார்கள். சரிதான். அதற்காக யாரைக் கொண்டுவந்து விட்டாலும் சேர்ந்துகொள்ளும் என்று அர்த்தமில்லை.

மியூனிக்கில் என் வீட்டில் இருக்கும் மல்லிக்கு ஒன்பது வயது. கூட்டாளி பிச்சி போன நவம்பரில் செத்துப்போன பிறகு தீவனத்தில் பாதியை அப்படியே விட்டாள். சமையலறைத் தராசில் தினமும் நிறுத்தேன். 590 கிராம் இருந்தவள் 540-க்கு வந்தாள். ஜனவரியில் ஒரு காப்பகத்திலிருந்து கனகு வந்தாள். அவளும் பெண், மூன்று வயது.

நோய் ஏதும் இல்லை என்று தெரியும்வரை கனகு வேறு அறையில். அப்புறம் இரண்டு கூண்டும் பக்கத்தில் பக்கத்தில், நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு. ஒட்டி வைத்தால் கம்பி வழியாக ஒன்றின் விரலை மற்றது கடித்துவிடும். இவை தண்ணீரில் குளிப்பதில்லை. ஒரு மயிர்க்காலிலிருந்து ஐம்பதுக்கும் மேல் முடி, நனைந்தால் லேசில் காயாது. மெல்லிய தூளில் புரண்டுதான் குளியல். அந்தத் தூள் கிண்ணத்தை இரண்டுக்கும் மாற்றி மாற்றி வைத்தேன். முகம் பார்க்கும் முன்னால் வாசனை பழகட்டும்.

முதல் சந்திப்பு குளியலறையில். இரண்டுக்குமே சொந்தமில்லாத இடம். மல்லி பின்னங்காலில் எழுந்து நின்று கனகு மேல் குறிபார்த்து மூத்திரம் பீய்ச்சினாள் (பெண் சிஞ்சில்லாவின் வழக்கமான எச்சரிக்கை). அப்புறம் பற்களைக் கடகடவென்று ஆட்டினாள், மேலே ஏறினாள். எனக்கு எதற்கும் ஒரு எல்லை வேணும். இத்தனை தடவைக்கு மேல் போனால் நிறுத்து என்கிற மாதிரி. அப்படி எண்ணிக்கை எதுவும் கிடையாது. போனில் அம்மாவிடம் சொன்னேன்.

"புது ஆட்ட மந்தையில விட்டா முட்டத்தான்டா செய்யும். ரத்தம் வந்தாத்தான் பிரிக்கணும்."

முக்கால்வாசி சரி. ஏறுவது, விரட்டுவது எல்லாம் யார் பெரியவள் என்கிற பேச்சுவார்த்தை. ரத்தம் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கொத்தாக முடி உதிர்ந்தால் உடனே பிரிக்கணும். பிடித்தவன் வாயில் முடியை விட்டுவிட்டு ஓடுவது இவற்றின் தற்காப்பு. அதைவிட என்னைப் பயமுறுத்தியது சத்தமே இல்லாத ஒன்று. தோற்றது மூலையில் ஒண்டிக்கொண்டு, சாப்பிட வராமல், எதிராளி நகர்ந்த பிறகும் அசையாமல் இருப்பது. தூரத்திலிருந்து பார்த்தால் சமாதானம் ஆகிவிட்ட மாதிரியே தெரியும். நாலாவது நாள் கனகு அப்படி உட்கார்ந்தாள். பிரித்து, ஒரு வாரம் மறுபடி அந்த ஒரு சாண் இடைவெளிக்கே போனோம். சேராவிட்டால் கடைசிவரை இரண்டு கூண்டுதான் என்று மனசைத் தயார்படுத்திக்கொண்டேன். சிஞ்சில்லா பதினைந்து வருஷம் சர்வசாதாரணமாக வாழும்.

பத்தொன்பதாவது நாள் கனகு தானே போய் மல்லிக்கு முன்னால் தலையைத் தாழ்த்தினாள். மல்லி அவள் காதுக்குப் பின்னால் மெல்லக் கொறித்துக் கோதிவிட்டாள். கனகின் கண் பாதி மூடியது.

மல்லி இப்போ 575. இரண்டாவது கூண்டை விற்க இன்னும் மனசு வரல. மேலே துணி காயப்போட்டிருக்கிறேன்.