மூன்று தாடையும் நான்கு தாடையும்

கோவையில் வளர்ந்தவர்களுக்கு லேத்தின் ஓசை புதிதன்று. கணபதியிலும் பீளமேட்டிலும் பம்புக்கும் மோட்டாருக்கும் வேண்டிய உறுப்புகளைக் கடையும் பட்டறைகள் பல. ஆனால் நான் எழுத எண்ணியது பிழைப்புக்காக ஓடும் லேத்தைப் பற்றியன்று. எங்கள் வீட்டுப் புழக்கடையில், தகரக் கொட்டகைக்குள், பொழுதுபோக்காக ஓடும் சிறிய லேத்தைப் பற்றி. பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா அதைப் பழையதாக வாங்கினார். வரலாறு படிப்பவனுக்கு இரும்போடு என்ன உறவு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. உறவு இருக்கிறது, நண்பர்களே!

இரும்பைப் பற்றிக்கொண்டு சுழலும் உறுப்புக்குச் சக் என்று பெயர். மூன்று தாடைச் சக்கில் சாவியைத் திருப்பினால் மூன்று தாடைகளும் ஒன்றாக நகரும். உள்ளே சுருள் வரி வெட்டிய தட்டு ஒன்று அவற்றை நகர்த்துகிறது. தாடைகளில் 1, 2, 3 என எண் பொறித்திருக்கும். கழற்றித் துடைத்தபின் அதே வரிசையில் பூட்டவேண்டும். வரிசை மாறினால் மூன்றும் நடுவில் வந்து கூடா.

இச்சக் வேலையை விரைவாக்கும். ஆயினும் அதன் நடுவை முழுதாக நம்புதற்கில்லை. தேய்ந்த சக்கில் 0.1 மில்லிமீட்டர் ஆட்டம் வியப்பன்று. ஒரே பிடிப்பில் கடைந்து முடித்தால் கவலையில்லை. கழற்றி மீண்டும் மாட்டும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

அப்போது கைகொடுப்பது நான்கு தாடைச் சக். இதில் ஒவ்வொரு தாடையும் தனித்தனியே நகரும். டயல் கேஜை வைத்துச் சக்கைக் கையால் மெல்லச் சுற்றவேண்டும். எதிரெதிர்த் தாடைகளிடையே முள் 0.20 வேறுபாடு காட்டினால், நகர்த்தவேண்டியது 0.10 மட்டுமே. ஒன்றைத் தளர்த்தி, எதிரிலுள்ளதை இறுக்கவேண்டும். வேறுபாட்டில் பாதி விட்டுக்கொடுத்தால் நடு கிடைத்துவிடுகிறது! மனிதர் பிணக்குகளுக்கும் இக்கணக்குப் பொருந்தும் அன்றோ?

சக்கைப் பேணுவதும் ஒரு கலையே. சக்கைப் பூட்டுமுன் பின்தட்டைத் துடைக்கவேண்டும். அங்கே ஒட்டிய ஒரு பிசிறு போதும், சக் கோணிவிடும். சுருள் தட்டில் கிரீஸை அப்பினால் இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டு அரைக்கும். மெல்லிய எண்ணெய் சிறிதளவு போதும். சக்கைக் கழற்றும்போது பெட்டின்மேல் பலகை ஒன்றை வைக்கவேண்டும். கை நழுவினாலும் பெட்டுக்கும் விரலுக்கும் சேதமில்லை. சாவியில் குழாயைச் செருகி இறுக்குவது சக்குக்குச் செய்யும் துரோகம்.

சென்ற ஆண்டு அப்பாவின் கண்களை நீர் அழுத்த நோய் பற்றியது. இழந்த பார்வை திரும்பாது என்று மருத்துவர் கூறிவிட்டார். டயலின் முள் அவருக்குத் தெரிவதில்லை. பழைய இரும்பு வாங்குபவர் ஒருவர் வந்து விலை கேட்டார்.

"வித்துடலாமா, கண்ணு?" என்றார் அப்பா.

"வேண்டாங்கப்பா. முள்ளை நான் பாத்துச் சொல்றேன்."

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சக் சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"சக்குல சாவியை உட்டுட்டுக் கையை எடுக்கவே கூடாது. கை எடுத்தா, சாவி மேஜை மேல இருக்கோணும்."

சாவி சக்கிலேயே இருக்க மோட்டார் ஓடினால், அது குண்டுபோல் பறக்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் எந்திரங்களோடு பழகியும் பத்து விரல்களோடு ஓய்வு பெற்றவரின் சொல் அது.

இப்போது ஞாயிறுதோறும் நான் முள்ளைப் படிக்கிறேன். அப்பா தாடையை இறுக்குகிறார். எவ்வளவு திருப்பவேண்டும் என்பதை அவர் மணிக்கட்டு அறிந்திருக்கிறது. அந்த அறிவு எந்த நூலிலும் அச்சாகவில்லை. நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இத்தகைய அறிவுடைய கைகள் இருக்கக்கூடும். அவை ஓயுமுன் அருகில் அமர்ந்து கற்றுக்கொள்வோம். பட்டம் பெறுவதற்கு அது எவ்வகையிலும் தடையாகாது.