தவறிய காரணம், தவறாத வழி

மழை பொழியும் ஒரு பிப்ரவரிப் பிற்பகல். இலண்டனில் மகளிர் மன்றம் ஒன்றில் இரு பெண்கள் ஒரே நாளிதழ் விளம்பரத்தில் மனம் பறிகொடுக்கின்றனர். இத்தாலியக் கடற்கரையிலுள்ள சிறு கோட்டை ஒன்று ஏப்ரல் மாதத்திற்கு வாடகைக்குக் கிடைக்கும் என்பதே செய்தி. வாடகையோ 60 பவுன். அதைப் பகிர்ந்துகொள்ள, முன்பின் அறியாத வேறு இரு பெண்களையும் சேர்த்துக்கொள்கின்றனர். எலிசபெத் வான் ஆர்னிம் எழுதி 1922-இல் வெளிவந்த 'தி என்சான்டட் ஏப்ரல்' என்னும் புதினம் இவ்வாறு தொடங்குகிறது.

நகைத்தபடியே படித்துவந்த என்னை நிற்கவைத்தவர், அந்நால்வருள் ஒருவரான ரோஸ். இறைப்பற்று மிக்கவர், ஏழைகளுக்காக ஓயாது உழைப்பவர். கணவரோ, மன்னர்களின் ஆசைநாயகியரைப் பற்றி நூல்கள் எழுதிப் பொருளீட்டுபவர். அதனை வெறுத்த ரோஸ், அறப்பணியில் மூழ்கி, கணவரிடமிருந்து மெல்ல விலகிப்போனார்.

என் நெஞ்சு உறுத்தியது. மாலைதோறும் பங்கின் ஏழை இல்லங்களைச் சந்திக்கச் செல்பவன் நான். எவர் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, எவர் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் பாக்கி என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். என் மனைவி மூன்று மாதமாக முழங்கால் வலியால் துன்புறுவதை மட்டும் அண்டை வீட்டார் சொல்லித்தான் அறிந்தேன்!

கதையின் இறுதியில் ரோஸின் கணவர் கோட்டைக்கு வருகிறார். மனைவியைத் தேடியன்று, அங்குத் தங்கியிருந்த பேரழகி கரோலினைக் காணவே வருகிறார். மனைவி அங்கிருப்பதே அவருக்குத் தெரியாது. தாம் எழுதிய மடலைக் கண்டு வந்தார் என நம்பி, ரோஸ் ஓடிச்சென்று அவரைத் தழுவிக்கொள்கிறார். அந்த அன்பில் அவர் மனம் கரைகிறது. உண்மையை உணர்ந்த கரோலினோ வாய் திறக்கவில்லை. சில வாரங்களுக்கு முன்வரை அந்நியராயிருந்தவர் செய்த பேருதவி அந்த மௌனம்.

பிழையான எண்ணத்தின்மேல் மகிழ்ச்சி நிலைக்குமா? நெடுநேரம் சிந்தித்தேன். அவர் வந்த காரணம் தவறானது. ஆயினும் தங்கிவிட்ட காரணம் சரியானது. மனிதர் பலர் வீடு திரும்புவது இவ்வாறுதானோ?

அன்று மாலை நான் வெளியே செல்லவில்லை.

"என்னங்க, மழையால் கூட்டம் நின்றுவிட்டதா?" என்றாள் மனைவி.

ஆம் என்றும் கூறவில்லை. இல்லை என்றும் கூறவில்லை. தைலக் குப்பியை எடுத்துவந்து அவள் அருகில் அமர்ந்தேன்.