சும்மா பிளாஷ்!

சமீபத்தில் அக்கா பையன் கல்யாணத்துக்கு மன்னார்குடி போயிருந்தேன். மணமேடையைச் சுற்றி மட்டும் 6 போட்டோகிராபர்கள். வெளியே ஒரு பையன் வாழைமரத் தோரணத்துக்கு மேலே ட்ரோன் பறக்கவிட்டுக்கொண்டிருந்தான். 'கேண்டிட்' என்று தனியாக ஒருத்தர், நாம் அசந்திருக்கும்போது எடுப்பதற்கென்றே வந்திருந்தார். என்னை வாயில் பாதி ஜாங்கிரியோடு எடுத்துவிட்டார். இதெல்லாம்கூட என்னைப் பாதிக்கவில்லை. தாலி கட்டி முடிந்ததும் மெயின் போட்டோகிராபர் காமிராவின் முதுகுப் பக்கத்துத் திரையைப் பார்த்து 'ஓகே' என்று தலையாட்டினார் பாருங்கள்... அங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது.

எடுத்த படம் விழுந்ததா, இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடுகிறது சார்!

நான் 1991-லிருந்து 5 வருஷம் கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோவில் லைட்பாயாக இருந்தவன். பவுடர் டப்பா, நூலில் கட்டித் தொங்கவிட்ட சீப்பு, ஏரியும் மாளிகையும் வரைந்த ஸ்கிரீன், ஒரே ஒரு கோட்டு. அந்தக் கோட்டு எல்லா சைஸ் ஆசாமிக்கும் பொருந்தும். பின்பக்கம் கிளிப் போட்டு இழுத்துவிடுவோம். ஒரு பெண் வீட்டுக்கு வந்த இரண்டு வரன்களின் போட்டோவிலும் அதே கோட்டு, அதே டை இருந்ததைப் பார்த்து, "ரெண்டு பேரும் ஒரே கம்பெனியா?" என்று கேட்டார்களாம்.

ஆடி, புரட்டாசி, மார்கழியில் ஈ ஓட்டுவோம். பாஸ்போர்ட் சைஸ், ஸ்கூல் குரூப் போட்டோ, அப்புறம் இறந்தவர்களுக்குக் கண் திறப்பது. பதறாதீர்கள். உயிரோடு இருந்தபோது படமே எடுத்துக்கொள்ளாத பெரியவரைச் செத்த பிறகு உட்காரவைத்து எடுப்பார்கள். மூடிய இமைக்கு மேல் எங்கள் முதலாளி சன்னமான பிரஷ்ஷால் கண் வரைந்து கொடுப்பார். அவரை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவோம். வைகாசி, ஆவணி, தை வந்தால் நிலைமை தலைகீழ். ஒரே நாளில் இரண்டு முகூர்த்தம். தூக்கம் பஸ்ஸில்தான்.

ஒரு ரோலுக்கு 36 படம். அன்றைக்கு ஒரு ரோல் விலையும் என் ஒரு வாரச் சம்பளமும் ஏறக்குறைய ஒன்று. கோடக், கோனிகா, பியூஜி. (கோனிகா 2006-ல் போட்டோ தொழிலையே மூட்டை கட்டிவிட்டது. கோடக் 2012 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. அந்த மஞ்சள் டப்பாவை நாங்கள் கும்பிட்ட கும்புக்கு இப்படி ஆகியிருக்கக் கூடாது.) கல்யாண வீட்டாரோ 'நாலு ரோலுக்கு மேல் கூடாது' என்று கண்டிஷன் போட்டுவிட்டு, மொய்க் கவரோடு மேடை ஏறும் 300 பேரையும் எடுக்கச் சொல்வார்கள். எடுக்காவிட்டால் ஒன்றுவிட்ட சித்தப்பாக்கள் கோபித்துக்கொண்டு பந்தியைப் புறக்கணிப்பார்கள்.

இதற்கு மாஸ்டர் கண்டுபிடித்த மருந்துதான் 'சும்மா பிளாஷ்'. காமிராவைக் கண்ணில் வைத்து, "சார், கொஞ்சம் இந்தப் பக்கம்... அம்மா, சிரிங்க" என்றெல்லாம் சொல்லி, பிளாஷில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மட்டும் அமுக்குவார். பளிச்! சித்தப்பா திருப்தியாகக் கீழே இறங்கிவிடுவார். பிலிம் ஒரு இஞ்ச்கூட நகர்ந்திருக்காது.

எந்தக் கல்யாணத்திலும் சும்மா பிளாஷ் போடவே கூடாத நேரம் ஒன்று உண்டு. கெட்டிமேளம் கொட்டி, அட்சதை பறந்து, அத்தனை பேரும் எழுந்து நின்று, நாத்தனார் முழங்கை குறுக்கே வந்து, இவ்வளவுக்கும் நடுவில் கிடைக்கும் நாலைந்து விநாடி. அதற்காக மாஸ்டர் ஒரு விதி வைத்திருந்தார். காமிராவில் எத்தனை படம் மிச்சம் இருந்தாலும் சரி, மாங்கல்யத் தட்டு சபைக்குக் கிளம்பியதும், புது ரோல் போட்ட இன்னொரு காமிராவுக்கு மாறிவிடுவார். எங்களிடம் இருந்தது பென்டாக்ஸ் கே1000 இரண்டு. ரோல் போடுவது என் வேலை. படம் எடுக்க மட்டும் அனுமதி கிடையாது.

ரோல் போடுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பிலிமின் நாக்கைச் சுருளில் செருகி, மூடியைச் சாத்தி, லீவரைத் தள்ளும்போது இடது பக்கக் குமிழ் தானாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் பிலிம் மாட்டவில்லை. ஆனால், கவுன்ட்டர் மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று கூசாமல் பொய் சொல்லிக்கொண்டே போகும்.

1993 வைகாசி. சுவாமிமலைப் பக்கம் ஒரு கல்யாணம். நான் ரோல் போட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு அம்மாள், "தம்பி, இதைச் செத்தப் பிடி" என்று குங்குமத் தட்டைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். "நாழியாறது" என்று வாத்தியார் அவசரப்படுத்துகிறார். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் காமிரா. மூடியை இடுப்பில் வைத்து அழுத்திச் சாத்தி நீட்டினேன். மாஸ்டர் பிளாஷை அதற்கு மாற்றிக்கொண்டு, 5 படம் மிச்சமிருந்த பழைய காமிராவை என் கழுத்தில் மாட்டிவிட்டு மேடைக்குப் பாய்ந்தார்.

குமிழை நான் பார்க்கவில்லை.

சடங்கெல்லாம் முடிந்து ஆசீர்வாதம் நடந்துகொண்டிருக்கும்போது மாஸ்டர் என் பக்கம் திரும்பி, "எத்தனைடா இருக்கு?" என்றார். எட்டிப் பார்த்தேன். கவுன்ட்டர் 38-ஐத் தாண்டியிருந்தது. லீவர் இன்னும் வெண்ணெய் மாதிரி போகிறது. குமிழ் சிவனே என்று இருந்தது. "மாஸ்டர்..." என்றேன். அதற்கு மேல் குரல் வரவில்லை. அவருக்கும் தேவைப்படவில்லை. எதிரே ஒரு பெரியவர் மீசையை நீவிக்கொண்டு போஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் அவரைப் பார்த்து டெஸ்ட் பட்டனை அமுக்கினார்.

பந்தியில் மாஸ்டர் பாயசம் வேண்டாம் என்றார். அவர் பாயசம் வேண்டாம் என்று சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

மறுபடி உட்காரவைத்து எடுத்திருக்கலாமே என்பீர்கள். கட்டின தாலியை அவிழ்த்துக் கட்டச் சொல்லி எந்த வாயால் கேட்பது? வீடியோ? அதையும் பார்த்தோம். கேசட்டை அந்த இடத்தில் நிறுத்தி, டி.வி-யையே போட்டோ எடுத்தோம். மாப்பிள்ளை மூக்குக்குக் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு. கடைசியில், மாஸ்டர் பழைய நெகட்டிவ் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தார். வேறொரு கல்யாணத்தில் முகம் தெரியாமல் மாலை, கை, தாலி மட்டும் விழுந்த குளோசப் ஒன்று கிடைத்தது. அரக்குப் புடவைகூட ஒத்துப்போனது. அதை மேக்ஸி சைஸில் போட்டிருந்தால் தப்பித்திருப்போம். குற்ற உணர்ச்சியில் மனுஷர் எட்டுக்குப் பத்தாகப் போட்டுவிட்டார்.

ஆடிக்கு அந்தப் பெண் பிறந்த வீட்டுக்கு வந்திருந்த சமயம் ஆல்பத்தோடு போனோம். திண்ணையில் பெண், பக்கத்தில் அவளுடைய அப்பாயி, நாற்காலியில் அப்பா. அப்பாயி எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டி வந்தவர், எட்டுக்குப் பத்தில் நின்றார்.

"இது யாரு தாலி?"

"லைட்டு பட்டு அப்படித் தெரியுது அப்பாயி" என்றார் மாஸ்டர்.

"லைட்டு பட்டா பொட்டுத்தாலி கும்பத்தாலி ஆயிடுமா தம்பி?"

எங்கள் பக்கம் ஒவ்வொரு வகையறாவுக்கும் தாலி வேறு. இது எனக்கே தெரியும். மாஸ்டருக்குத் தெரியாமலா? அவர் கைக்குட்டையை எடுத்தார். அதுவரை 'வாங்க, உக்காருங்க' என்றிருந்த பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார்.

"ஏன்யா, அடுத்தவன் பொண்டாட்டி கழுத்தை எங்க ஆல்பத்துல ஒட்டிக் குடுத்திருக்கியா?"

தெருவில் இரண்டு பேர் நின்றார்கள். அவர் கத்தினதுகூடப் பரவாயில்லை. அந்தப் பெண் ஒன்றுமே சொல்லாமல் ஆல்பத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, அட்டையில் ஒட்டியிருந்த ஜிகினாவை விரலால் சுரண்டிக்கொண்டிருந்தது. அதைத்தான் பார்க்க முடியவில்லை.

"ரோல் போட்டது நான்தாங்க" என்றேன். "மாஸ்டர் மேல தப்பில்லை." சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினேன். மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

விஷயம் இதுதான். கெட்டிமேளம் கொட்டியபோது என் கழுத்தில் காமிரா தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷ ஆசை. பிளாஷ் இல்லை. எதிரே வீடியோக்காரர் விளக்கு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தை நம்பி, மாஸ்டர் செய்து பார்த்திருந்தபடி லென்ஸை முழுசாகத் திறந்து, ஸ்பீடை 30-க்குக் குறைத்து, மூச்சைப் பிடித்து, ஒன்றே ஒன்று தட்டினேன். திருச்சி லேபில் பிரின்ட் வாங்கப் போனபோதுதான் பார்த்தேன். விழுந்திருந்தது. காமிராவைத் தொட்டது தெரிந்தால் வேலை போய்விடுமே என்று பிரின்டைப் பைக்குள் போட்டவன், இரண்டு மாதமாக மாஸ்டர் படும் பாட்டைப் பார்த்தும் வாய் திறக்காமல் இருந்தேன்.

படமும் அப்படி ஒன்றும் பிரமாதமில்லை. வீடியோ விளக்கில் எடுத்தால் வருமே, அந்த ஆரஞ்சு நிறம். லேசான நடுக்கம். தாலியும் தெரியவில்லை. நாத்தனார் முழங்கை மறைத்திருந்தது. குனிந்த பெண்ணின் தலை, மாப்பிள்ளையின் ஒரு காது, அந்தரத்தில் அட்சதை, வாயைத் திறந்தபடி அப்பாயி. இவர்களுக்குப் பின்னால் பெண்ணின் அப்பா, சம்பந்தமே இல்லாமல் மண்டபத்தின் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். கண்ணில் முட்டுவது கீழே விழுந்துவிடக் கூடாது என்றால் ஆம்பிளைகள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

அப்பாயி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"குறுக்க இது யாரு முதுகு?"

"நான்தான்" என்றார் மாஸ்டர் மெதுவாக.

"எம்மாம் பெரிய முதுகு!"

அந்தப் பெண் சிரித்துவிட்டது. படத்தை வாங்கிப் பார்த்தது. சிரிப்பு நின்றது. "அப்பா, இங்க பாருங்க, நீங்க..." என்று அவரிடம் நீட்டியது. அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

எட்டுக்குப் பத்தை உரித்து மாஸ்டர் கையில் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் என்னுடைய ஆரஞ்சுப் படத்தை வைத்து பிளாஸ்டிக் தாளை மூடியது அந்தப் பெண். பெரிய பக்கத்தில் நடுவில் சின்னதாக. உள்ளே போனவர் பாக்கிப் பணத்தில் பாதியோடு வந்தார். மாஸ்டர் வாங்கவில்லை. மோர் மட்டும் குடித்தோம்.

திரும்பும்போது டி.வி.எஸ். 50-ல் மாஸ்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை போய்விட்டது என்று நான் முடிவுகட்டிவிட்டேன். டவுன் வந்த பிறகுதான் தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"மீதி நாலு பிரேம் இருந்துச்சேடா. ஏன் ஒண்ணோட நிறுத்தின?"

"ஷட்டர் சத்தம் உங்களுக்குக் கேட்டுடுமேன்னு பயந்துட்டேன் மாஸ்டர்."

"கெட்டிமேளத்துல எவனுக்குடா கேக்கும், முட்டாள்!"