இரண்டு நெடுவரிசைகள்

ஐயா சிங்கள வாக்கியத்தை வாய்விட்டு வாசிப்பார். பிறகு அதற்கு எதிரே உள்ள தமிழை வாசிப்பார். ஒரு மூச்சு நேரம் பேசாமல் இருப்பார். ஒன்று முதல் ஐந்து வரை ஏதோ ஓர் எண்ணைத் தட்டுவார். திரை அடுத்த வரிக்கு இறங்கும். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் பத்து மணித் தேத்தண்ணிக்குத்தான் எழும்புவார்.

இலங்கைப் பல்கலைக்கழகம் ஒன்றின் இயந்திர மொழிபெயர்ப்பு ஆய்வுகூடம் அது. அரசாங்கச் சுற்றறிக்கைகளையும் கடிதங்களையும் சிங்களத்திலிருந்து தமிழுக்கு மாற்றும் மென்பொருள் ஒன்றில் வேலை செய்கிறவர்களோடு மூன்று நாட்கள் இருந்தேன். பொறுப்பான பேராசிரியை, கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் மாத்தறைப் பெண், மன்னாரிலிருந்து வந்த ஆய்வு உதவியாளர் தம்பி, இந்த ஐயா. ஐயா சாவகச்சேரிக்காரர். முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்க மொழிபெயர்ப்பாளராக இருந்து இளைப்பாறியவர். தம்பி அவரை ஐயா என்பான். மாத்தறைப் பெண்ணுக்கு அவர் 'சேர்'. அவருக்கு எல்லோரும் 'பிள்ளை', நானுந்தான்.

நான் ஏன் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா காலமான வருடம், விதவை ஓய்வூதியம் பற்றி ஒரு கந்தோரிலிருந்து அம்மாவுக்குக் கடிதம் வந்தது. முழுக்கச் சிங்களம். அம்மா அதை எடுத்துக்கொண்டு சந்தியில் இருந்த பேக்கரிக்குப் போனார். பேக்கரி முதலாளிதான் எங்கள் தெருவுக்கே சிங்களம் வாசித்துக் கொடுக்கிறவர். அவர் ஊருக்குப் போயிருந்தார். திரும்பி வந்து வாசித்துச் சொன்னபோது, விவாகச் சான்றிதழின் பிரதியை 30 நாட்களுக்குள் அனுப்பும்படி கேட்டிருப்பது தெரிந்தது. அந்தத் தவணை முடிந்து நாலு நாள். அம்மா அந்தக் கடிதத்தைக் கடைசிவரை பைபிளுக்குள் வைத்திருந்தார்.

சட்டத்தில் இதற்கு இடமில்லை. 1956இல் சிங்களம் மட்டும் அரச கரும மொழியானது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்றது. அடுத்த வருடம் 16ஆம் திருத்தம் நிர்வாக மொழி பற்றிய ஏற்பாடுகளை விரித்து எழுதியது. 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவை அமைத்தது. எழுதியபடி நடக்க ஆயிரக்கணக்கான பக்கங்களை யாராவது மொழிபெயர்க்க வேண்டும். ஐயாவைப் போன்றவர்கள் அதைச் செய்தார்கள். அவர்கள் போதவில்லை.

இந்த இடத்தில்தான் கனடாவை நினைக்கிறேன். 1990 அளவில் ஐபிஎம் ஆய்வாளர்கள், இலக்கண விதிகளை ஒவ்வொன்றாக எழுதிக் கொடுப்பதை விட்டுவிட்டு, ஏற்கெனவே மனிதர் மொழிபெயர்த்த வாக்கிய இணைகளை எண்ணிப் பார்த்து இயந்திரத்துக்கு மொழிபெயர்ப்புக் கற்பிக்கலாம் என்று காட்டினார்கள். அவர்களுக்குக் கிடைத்த இணைகள் கனடியப் பாராளுமன்றத்தின் ஹன்சார்ட் என்ற விவாதப் பதிவிலிருந்து வந்தவை. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அது வர வேண்டும் என்பது அந்த நாட்டின் ஏற்பாடு. மொழியுரிமைக்காகச் செய்த வேலை, யாரும் எண்ணாத வகையில், இயந்திரத்துக்குப் பாடப்புத்தகம் ஆகிவிட்டது. முறைகள் பிறகு மாறிவிட்டன. 2014இல் பாதனாவ், சோ, பெஞ்சியோ ஆகியோரின் கவனப் பொறிமுறை வந்தது. 2017இல் டிரான்ஸ்ஃபோமர் என்ற வடிவமைப்பு வந்தது. இயந்திரத்தின் பசி மட்டும் மாறவில்லை. இன்றும் அதற்கு வாக்கிய இணைகள் வேண்டும். எங்கள் நாட்டில் மொழிபெயர்க்கப்படாமல் போன ஒவ்வொரு கடிதமும் இன்று இந்த அறையில் ஓர் இல்லாத வரி.

இருப்பதை எடுப்பதும் லேசில்லை. தம்பியின் வேலை அது. பழைய கோப்புகளில் தமிழ் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. பாமினியில் 'தமிழ்' என்ற சொல்லைத் திறந்து பார்த்தால் உள்ளே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் இருக்கும். எழுத்துரு இருந்தால் கண்ணுக்குத் தமிழ். கணினிக்கு அது குப்பை. சிங்களத்துக்கும் இதே கதை, வேறு எழுத்துருக்கள். எல்லாவற்றையும் யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றும் நிரலைத் தம்பி எழுதி வைத்திருக்கிறான். ஆனால் ஒரே கோப்பில் தமிழ்ப் பந்திக்கு நடுவே உண்மையான ஆங்கிலச் சொல் வந்தால் நிரல் அதையும் பிடித்துத் தமிழாக்கிவிடும். "மின்னஞ்சல் முகவரி எல்லாம் கடிச்சுத் துப்பின மாதிரி வரும் அக்கா," என்றான். அப்படி வந்தவற்றைக் கையால் திருத்துகிறான்.

பிறகு வரிக்கு வரி பொருத்துவது. 1990களின் தொடக்கத்தில் கேல், சர்ச் என்ற இருவர் ஓர் எளிய வழி சொன்னார்கள்: நீண்ட வாக்கியத்தின் மொழிபெயர்ப்பும் நீண்டிருக்கும், குறுகியதன் மொழிபெயர்ப்பு குறுகியிருக்கும், எழுத்துகளை எண்ணிப் பார்த்தே பெரும்பாலும் பொருத்திவிடலாம். இப்போது அதைவிடத் தேர்ந்த கருவிகள் உண்டு. ஆனாலும் அட்டவணை வந்தால் எல்லாம் சறுக்கும். ஒரு சம்பளத் திட்டத்தின் மூன்றாம் படிக்கு நேரே நாலாம் படி போய் நிற்கும். ஐயா மிகக் குறைந்த எண்ணான '1'ஐத் தட்டும் வரிகளில் அநேகம் இப்படிப்பட்டவை.

மத்தியானத்தில் அவர் பார்ப்பது வேறு. அப்போது வலப்பக்கத் தமிழ் இயந்திரம் எழுதியது.

இரண்டாம் நாள், இணையத்தில் குவிந்த தமிழைப் படித்து வளர்ந்த பெரிய மொழி மாதிரி ஒன்றின் வெளியீடுகளையும், ஆய்வுகூடத்தின் சிறிய மாதிரியின் வெளியீடுகளையும் அவர்முன் கலந்து வைத்தார்கள். எது எதனுடையது என்று அவருக்குச் சொல்லவில்லை. பத்து வரிக்குள் கண்டுபிடித்துவிட்டார். "இது இந்தியாவிலயிருந்து வந்த பிள்ளை," என்றார், பெரிய மாதிரியின் வாக்கியத்தைக் காட்டி. அதில் 'துறை' என்றிருந்தது. எங்களுக்கு அது திணைக்களம். 'மசோதா', எங்களுக்குச் சட்டமூலம். அரசிதழ் வர்த்தமானியாக வேண்டும். காவல் நிலையம் பொலிஸ் நிலையமாக வேண்டும். தேர்வு பரீட்சையாக வேண்டும். இவை வாசிக்கிறவருக்கு விளங்கும். விளங்காத ஒன்று அன்று வந்தது. சிங்களத்தில் 'திசாபதி'. இயந்திரம் 'மாவட்ட ஆட்சியர்' என்று எழுதியிருந்தது. இலங்கையில் அப்படியொரு பதவியே கிடையாது. அரசாங்க அதிபரைத்தான் அது சொல்கிறது. முல்லைத்தீவில் ஒருவர் இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியரை எங்கே போய்த் தேடுவார்?

சிங்களமும் தமிழும் இருபதுக்கும் மேற்பட்ட நூற்றாண்டுகளாக ஒரே தீவில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் மொழிகள். குடும்பம் வேறு, ஆனாலும் இரண்டிலும் வினை கடைசியில் நிற்கும், உருபு சொல்லின் பின்னால் ஒட்டும். இப்படி இருந்தும் பல மாதிரிகள் சிங்களத்தை முதலில் ஆங்கிலமாக்கி, அந்த ஆங்கிலத்தைத் தமிழாக்கும் வழியில் போகின்றன. ஆங்கிலத்தோடுதான் இணைகள் அதிகம் என்பதே காரணம். மாத்தறைப் பெண் எனக்கு ஒரு குடும்ப விவரப் படிவத்தைக் காட்டினார். சிங்களத்தில் 'மல்லி'. தமிழில் தம்பி. ஆங்கிலத்தின் வழியாகப் போய்த் திரும்பியபோது அவன் 'சகோதரர்' ஆகியிருந்தான். மூத்தவனா இளையவனா என்பது இரண்டு மொழியும் கவனமாகக் காக்கும் செய்தி. நடுவில் நின்ற மூன்றாவது மொழி அதைக் கீழே போட்டுவிட்டது. "அக்கா என்ற சொல்லை மட்டும் நான் படிக்கத் தேவையிருக்கவில்லை, அக்கா," என்றார் அவர். சிங்களத்திலும் அக்கா அக்காதான். இந்த ஆய்வுக்காகவே தமிழ் எழுத்துப் பழகியவர் அவர். இன்னமும் விரல் வைத்து மெதுவாகத்தான் வாசிக்கிறார். நான் அங்கே பார்த்தவற்றில் என் மனத்தில் அதிகம் நிற்பது அந்த விரல்.

நேரடியாகச் சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையே வேலை செய்தவர்கள் முன்பும் உண்டு. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தினர் அரசாங்க ஆவணங்களுக்கென்றே 'சி-த' என்ற முறைமையை உருவாக்கினார்கள். இந்த அறையில் அந்தப் பெயரை மரியாதையோடு சொல்கிறார்கள்.

தரத்தை எப்படி அளக்கிறார்கள் என்று கேட்டேன். பேராசிரியை வெண்பலகைக்குப் போனார். ஐபிஎம்மைச் சேர்ந்த பாப்பினேனியும் அவரோடு வேலை செய்தவர்களும் 2002இல் வெளியிட்ட 'புளூ' என்ற அளவை இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள். மனிதர் எழுதிய தமிழை ஒருபக்கம் வைத்து, இயந்திரத் தமிழில் அதே சொற்களும் அதே தொடர்களும் எத்தனை வருகின்றன என்று எண்ணுவது அது. பலகையில் மூன்று வரி எழுதினார். மனிதர் எழுதியது:

மார்ச் 31ஆம் திகதிக்கு முன்னர் விண்ணப்பம் சமர்ப்பிக்கப்பட வேண்டும்.

ஓர் இயந்திரம்:

விண்ணப்பத்தை மார்ச் 31ஆம் திகதிக்கு முன்பாகச் சமர்ப்பித்தல் வேண்டும்.

இன்னோர் இயந்திரம்:

மார்ச் 31ஆம் திகதிக்குப் பின்னர் விண்ணப்பம் சமர்ப்பிக்கப்பட வேண்டும்.

"எண்ணுங்கள்," என்றார். எண்ணினேன். சரியான இரண்டாம் வரியில் ஏழு சொற்களுக்கு நான்குதான் முதல் வரியோடு ஒத்தன. தவணையையே தலைகீழாக்கிய மூன்றாம் வரியில் ஐந்து ஒத்தன. தமிழில் உருபும் சந்தியும் சேர்ந்து சொல்லின் உருவத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். உருவத்தை மட்டும் எண்ணுகிற அளவுகோல் அங்கே தடுமாறும். 2015இல் மாயா பொப்போவிச் முன்வைத்த, சொல்லுக்குப் பதில் எழுத்துத் தொடர்களை எண்ணும் அளவை தமிழுக்குக் கொஞ்சம் நியாயமானது. ஆனால் 'முன்னர்' என்பதையும் 'பின்னர்' என்பதையும் ஒரு முதியவர் வாய்விட்டு வாசித்துப் பிரித்தறிவதற்கு அதுவும் ஈடில்லை. தவணை தவறினால் என்ன ஆகும் என்று அளவுகோலுக்குத் தெரியாது.

அதனால்தான் ஐயா. அதனால்தான் அவரோடு இன்னொரு மதிப்பீட்டாளரும். இருவரும் தனித்தனியே எண் போடுவார்கள், பிறகு எவ்வளவு உடன்படுகிறார்கள் என்று கணக்கிடுவார்கள். உடன்படாத வரிகளை வெள்ளிக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து பேசுவார்கள். 'பதிற்கடமையாற்றும் பணிப்பாளர்' என்பதா, 'பதில் பணிப்பாளர்' என்பதா என்று நான் இருந்த அன்று முக்கால் மணி நேரம் போனது. ஒருவரும் அதை வீண் என்று நினைக்கவில்லை.

வேலையின் கஷ்டங்களை அவர்கள் தாமாகச் சொல்லவில்லை, கேட்டால் சொன்னார்கள். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. ஒரு மாதிரியைப் பயிற்றுவிக்கக் கணினி நாட்கணக்கில் ஓட வேண்டும். மாத்தறைப் பெண் மின்வெட்டு அட்டவணையைச் சுவரில் ஒட்டி, இடைவெளிகளுக்குள் பயிற்சியைத் துண்டு துண்டாக ஓட்டியிருக்கிறார். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் சேமித்து, அடுத்ததை அங்கிருந்து தொடக்கி. எரிபொருளும் இல்லாத நாட்கள். ஆய்வுகூடத்துக்கு நடந்து வந்ததாகச் சொன்னார். தம்பியின் பதவி திட்டப் பணம் இருக்கும்வரைதான். புதிய மாதிரி பற்றிய கட்டுரையை மாநாடுகள் விரும்பும் அளவுக்கு, ஆறு மாதம் கோப்பு திருத்தியதைப் பற்றிய கட்டுரையை விரும்புவதில்லை என்று பேராசிரியை சொன்னார். அது அநியாயம் என்பது என் எண்ணம். திருத்தியவனின் பெயர் கட்டுரையின் தலையில் வர வேண்டும்.

அவர்களுடைய பெரிய பயம் பிழை அல்ல. "முந்தி மெஷின்ர தமிழ் நொண்டித் தமிழ். பாத்த உடனே பிழை எண்டு தெரியும்," என்றார் ஐயா. "இப்ப அழகா எழுதுது பிள்ளை. 'இல்லை' எண்ட சொல்லை விட்டுட்டும் அழகா எழுதுது. அழகா இருந்தா ஆர் திரும்ப வாசிக்கப் போகினம்?" அதனால் இந்த மென்பொருளின் தமிழை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட்ட பின்பே வெளியே விட வேண்டும் என்பது பேராசிரியையின் நிலை. ஆள் குறைக்கலாம் என்ற நம்பிக்கையில் இதைக் கேட்டு வருகிறவர்களிடம் அவர் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறார்.

மூன்றாம் நாள் காலை. பழைய சுற்றறிக்கைகளின் இணைகள். ஐயா ஒரு சிங்கள வாக்கியத்தை வாசித்தார், தமிழை வாசித்தார், எண்ணைத் தட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். தம்பியைக் கூப்பிட்டு அந்தக் கோப்பின் முதல் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். திணைக்களத்தின் பெயரையும் வருடத்தையும் பார்த்தார்.

"இது நான் செய்தது," என்றார்.

சிங்களத்தில், மேன்முறையீடு செய்ய 14 வேலை நாட்கள். தமிழில், 14 நாட்கள். 'வேலை' என்ற சொல் விடுபட்டிருந்தது. இருபது வருடத்துக்கு முந்தைய சுற்றறிக்கை. சனி ஞாயிறையும் எண்ணி, நாள் கடந்துவிட்டதென்று மேன்முறையீடு செய்யாமலே விட்டவர் யாராவது இருந்தார்களா என்று இனி அறிய முடியாது.

தம்பி சமாதானமாக ஏதோ சொல்லப் பார்த்தான். ஐயா கையால் மறித்தார். அந்த வரிக்கு '2' போட்டார். பக்கத்தில் திருத்தம் எழுதும் கட்டத்தைத் திறந்து, இரண்டு விரலால், ஒவ்வோர் எழுத்தாக, 'வேலை' என்று சேர்த்தார். முழு வாக்கியத்தையும் ஒருமுறை வாய்விட்டு வாசித்தார். பிறகு அடுத்த வரியின் சிங்களத்தை வாசிக்கத் தொடங்கினார்.