இலைகள் கரைந்தபோது

நமது எழுதுமேசையின் ஓரத்தில் 15 லிட்டர் நீர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் நீலமும் சிவப்பும் கலந்த சண்டை மீன் ஒன்று தனித்து வாழ்கிறது. கடைக்காரர்கள் இதனை 'ஃபைட்டர்' என்பார்கள். நம் பீடச் சிறுவர்களுள் ஒருவன், தன் குடும்பம் பிழைப்புத் தேடி வேற்றூர் புறப்பட்ட நாளில், ஊறுகாய்ப் புட்டியில் கொண்டுவந்து ஒப்படைத்த மீன் அது. "பத்திரமாப் பாத்துக்குங்க சாமி" என்றான். அந்த ஒரு சொல்லுக்காகவே நாம் மீன் வளர்க்கக் கற்றோம்.

முதலில் தொட்டியை அழகுபடுத்த எண்ணி, நெகிழிச் செடி ஒன்றை நட்டோம். ஒரே வாரத்தில் அதன் கூரிய முனைகளில் சிக்கி மீனின் பட்டுத் துடுப்பு கிழிந்தது. அதன் பின்னரே, இந்த உயிர் எங்கிருந்து வந்தது என்று வினவத் தோன்றியது.

சண்டை மீனின் தாயகம் தாய்லாந்து. அந்நாடு 2019-ஆம் ஆண்டில் இதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. நெல்வயல்களிலும் சதுப்புகளிலும், செடிகள் அடர்ந்த ஆழமற்ற நீரில் இது வாழ்வது. செவுள்களோடு, மேற்பரப்பின் காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பும் இதற்கு உண்டு. ஆதலால்தான் புட்டி நீரிலும் சில காலம் உயிர் தரிக்கிறது. அது தாங்கிக்கொள்வதைக் கண்டு, அதுவே அதற்குப் போதும் என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். உயிருள்ள செடிகள் அதற்கு நிழலும் மறைவிடமும் தருகின்றன. இலைகளின்மேல் அது படுத்து இளைப்பாறுகிறது. மீனின் கழிவிலிருந்து பிறக்கும் அமோனியா என்னும் நஞ்சில் ஒரு பகுதியைச் செடிகள் உணவாக உறிஞ்சிக்கொள்கின்றன. வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றும் கடமை மட்டும் நம்மை விட்டு நீங்குவதில்லை.

செடி தேர்வதில் நமக்கு முதலில் ஆசையே வழிகாட்டியது. செந்நிற இலைகளுடைய செடி ஒன்றை வாங்கினோம். மிகுந்த ஒளியும், கரியமில வாயுவைத் தனியே செலுத்தும் கருவியும் வேண்டும் வகை அது. மேசை விளக்கின் கீழ் இருபது நாளில் அழுகியது. பின்னர்தான் எளியவற்றை நாடினோம். ஜாவா பெரணி, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அனுபியாஸ் ஆகிய இரண்டும் குறைந்த ஒளியில் மெல்ல வளர்பவை. இவற்றின் தடித்த வேர்த்தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டிவிட்டால் போதும், வேர் தானே பற்றிக்கொள்ளும். மேலே மிதக்க இரண்டு மூன்று ஆகாயத்தாமரைகளை இட்டோம். அவை நீர்ப்பரப்பு முழுவதையும் மூடிவிடாமல் கவனிக்க வேண்டும். மீன் மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும். பெருகியவற்றை உலரவிட்டு உரக்குழியில் இடுக. குளத்தில் எறிதல் குளத்திற்கே கேடு.

நான்காவதாக வாங்கியது, இலங்கையின் நீரோடைகளுக்கே உரிய கிரிப்டோகோரைன் வென்டி. மணலில் வேரூன்றும் இச்செடியை நட்ட ஐந்தாம் நாள் இலைகள் கண்ணாடிபோல் வெளிறின. பத்தாம் நாள் கூழாய்க் கரைந்தன. பிடுங்கி எறிய நினைத்துக் கடைக்காரரிடம் வேறொன்று கேட்கச் சென்றோம். அவர் சிரித்தார். "இடம் மாறினா இது அப்படித்தான் சாமி. இலைதான் போகும், வேர் போகாது. அழுகின இலைய மட்டும் எடுத்துடுங்க. பிடுங்கிடாதீங்க" என்றார்.

அந்தச் சொல் நம்மை உறுத்தியது. இருபது ஆண்டுகளுக்கு முன் மாணவர் விடுதி ஒன்றின் பொறுப்பில் இருந்தோம். மலைச் சிற்றூரிலிருந்து ஜூன் மாதம் ஒரு சிறுவன் வந்து சேர்ந்தான். வந்த நாள்முதல் பேச்சில்லை. தட்டில் சோறு அப்படியே இருக்கும். காலாண்டுத் தேர்வில் எல்லாப் பாடங்களிலும் தோற்றான். 'இவன் இங்கே தேறமாட்டான்' என்று தகப்பனாருக்கு எழுதினோம். அவர் வந்தார், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "சரிங்க சாமி" என்று சொல்லிவிட்டுத் தகரப்பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார். பையன் பின்னே போனான். விடுதியின் நன்மைக்காகவே செய்தோம் என்று அன்றிரவு நிம்மதியாக உறங்கினோம்.

லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் கனி கொடாத அத்திமரத்தின் உவமை வருகிறது. உரிமையாளர் வெட்டிவிடச் சொல்கிறார். தோட்டத் தொழிலாளியோ இன்னும் ஓராண்டு கேட்கிறார். சுற்றிலும் கொத்தி எருவிடுவதாகச் சொல்கிறார். குருமடத்தில் இதற்கு விரிவுரை படித்தோம். எத்தனையோ தவக்காலங்களில் மறையுரையும் ஆற்றினோம். ஆயினும் அச்சிறுவனின் முன் நாம் தொழிலாளியாக நிற்கவில்லை, கோடரியோடு நின்றோம். புது மண்ணில் அவன் இலைகள் கரைந்தன. வேர் உயிரோடிருக்கிறதா என்று நாம் குனிந்து பார்க்கவேயில்லை.

கடைக்காரர் சொன்னபடியே அழுகியவற்றை மட்டும் அகற்றிக் காத்திருந்தோம். ஐந்தாம் வாரம், மணலுக்கு மேல் ஊசிமுனையளவு ஒரு பச்சை தெரிந்தது. இன்று எட்டு இலைகள். மீன் அவற்றினூடே உலவுகிறது.

சிறு தொட்டிக்குச் செடி தேடும் அன்பர்களுக்கு நாம் சொல்வது இதுவே: எளியதை நடுங்கள், இலை கரைந்தால் ஒரு தவக்காலத்தின் அளவேனும் பொறுங்கள். இந்த ஜூன் மாதம் நம் மறைக்கல்வி வகுப்பில் புதிதாகச் சேர்ந்த சிறுமி ஒருத்தி இதுவரை வாய் திறக்கவில்லை. ஞாயிறுதோறும் அவளருகே சற்று நேரம் அமர்கிறோம், ஒன்றும் கேட்பதில்லை.